பங்காளி வீட்டுத் திவால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகம் 2012இல் நொடித்துப்போனபோது, எதிரணியான செல்டிக்கின் ரசிகர்கள் அதைப் பாட்டாகவே பாடிக் கொண்டாடினார்கள் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்கள் மற்ற பதில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

இன்னொரு கழகம் அழிவதைக் கொண்டாடுவது அநாகரிகம் அல்லவா? நீங்களும் அதை ரசித்து எழுதியதுபோலத் தெரிந்தது. (மதுரை வாசகர்)

கொஞ்சம் ரசித்துத்தான் எழுதினேன், மறுக்கவில்லை. பிரிட்டனில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்து என்றால் ஜெல்லியும் ஐஸ்கிரீமும் உண்டு. ரேஞ்சர்ஸ் செத்த அன்றைக்கு ஜெல்லியும் ஐஸ்கிரீமும் சாப்பிடுவோம் என்பதுதான் செல்டிக் ரசிகர்கள் அப்போது பாடிய பாட்டின் சாரம். அதில் குரூரத்தைவிடச் சிறுபிள்ளைத்தனமே அதிகம் என்பது என் எண்ணம்.

இந்தப் பகையைப் பங்காளிப் பகை என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். ஒரே ஊர், ஒரே தொழில், ஒருவரில்லாமல் மற்றவருக்குப் பெருமை இல்லை. ஆனாலும் ஒருவர் வீட்டில் அடுப்பு எரிவது மற்றவருக்குப் பொறுக்காது. 1872இல் தோன்றிய ரேஞ்சர்ஸ் காலப்போக்கில் புராட்டஸ்டண்ட் மக்களின் கழகமாக நிலைபெற்றது. செல்டிக்கோ, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கர்களுக்கு உணவளிக்க நிதி திரட்டும் நோக்கத்துடன் 1887இல் தொடங்கப்பட்டது. ரேஞ்சர்ஸ் வெகுகாலம் கத்தோலிக்க ஆட்டக்காரர்களைச் சேர்க்காமலே இருந்தது. 1989இல் மோ ஜான்ஸ்டனை வாங்கியபோதுதான் அந்த வழக்கம் பகிரங்கமாக உடைந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1988 நவம்பரில், உருக்கு வணிகரான டேவிட் மரே 60 லட்சம் பவுண்டுக்கு ரேஞ்சர்ஸை வாங்கியிருந்தார். செல்டிக் 5 பவுண்டு செலவழித்தால் தாம் 10 பவுண்டு செலவழிப்போம் என்று அவர் பெருமையடித்ததைச் செல்டிக் ரசிகர்கள் ஒருநாளும் மறக்கவில்லை. 1989 முதல் 1997 வரை தொடர்ச்சியாக 9 ஆண்டுகள் ரேஞ்சர்ஸ்தான் சாம்பியன். அந்த ஆண்டுகளின் நடுவே, 1994 மார்ச்சில், செல்டிக்கே வங்கிக் கடனில் மூழ்கி, இன்னும் சில மணி நேரத்தில் ஜப்தி என்ற நிலைக்கு வந்துவிட்டது. கனடாவில் தொழில் நடத்திப் பொருளீட்டிய ஃபெர்கஸ் மக்கான் என்பவர் பணத்தோடு வந்து சேர்ந்து கழகத்தைக் காப்பாற்றினார். ரசிகர்களிடமே பங்குகளை விற்றார். மைதானத்தை 60,000 பேர் அமரும்படி புதிதாகக் கட்டினார். கைக்கு மீறிச் செலவழிக்க மறுத்தார். அதற்காகவே கஞ்சர் என்று பெயரெடுத்து, 1998இல் சாம்பியன் கொடியை ஏற்றியபோது சொந்த ரசிகர்களாலேயே கூச்சலிட்டு அவமதிக்கப்பட்டார். சிக்கனத்துக்கு வசை வாங்கிய ஒருவரின் கழகம் பிழைத்திருக்க, ஊதாரித்தனத்துக்குக் கைதட்டல் வாங்கிய கழகம் சரிந்ததைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்றால், அந்தச் சிரிப்பில் 20 ஆண்டுப் புழுக்கமும் இருந்தது.

'அட்மினிஸ்ட்ரேஷன்' என்கிறார்களே, அது திவால்தானா? 10 புள்ளிகளை ஏன் கழித்தார்கள்? (கோவை வாசகர்)

திவாலுக்கு முந்தைய படி என்று கொள்ளலாம். கடனைத் திருப்பிக் கட்ட முடியாத நிறுவனத்தை அதன் இயக்குநர்களின் கையிலிருந்து எடுத்து, உரிமம் பெற்ற ஒரு நிர்வாகியிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் இருக்கும்வரை கடன் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சொத்தைப் பறித்துக்கொண்டு போக முடியாது. அந்த இடைவெளியில் அவர் செலவைக் குறைக்க வேண்டும், வாங்குபவரைத் தேட வேண்டும், கடன் கொடுத்தவர்களுடன் ஒரு சமரசத்துக்கு வர வேண்டும். பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் தருகிறோம், மீதியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்பதுதான் அந்தச் சமரசம். கடன் தொகையின் மதிப்பில் 75 சதவீதம் வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் நிறுவனம் பிழைக்கும். இல்லையென்றால் கலைப்புதான்.

புள்ளிகளைக் கழிப்பது சட்டம் விதித்த தண்டனை அன்று, லீக் விதித்தது. கடனைக் கட்டாமல் தள்ளுபடி வாங்கிக்கொண்டு தப்புகிற கழகம், ஒழுங்காகக் கட்டுகிற கழகத்தோடு சமமாக நின்று ஆடக்கூடாது என்பது அதன் நியாயம். 2012 பிப்ரவரி 14 அன்று ரேஞ்சர்ஸ் நிர்வாகியிடம் போனது. அப்போதே 10 புள்ளிகள் போயின, அந்த ஆண்டுக் கோப்பையும் ஏறத்தாழக் கைவிட்டுப் போனது. காதலர் தினத்தன்று இது நடந்ததைச் செல்டிக் ரசிகர்கள் எப்படியெல்லாம் பயன்படுத்தியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

வாரந்தோறும் 45,000 பேர், 50,000 பேர் காசு கொடுத்துப் பார்க்கும் கழகம் எப்படி நொடித்துப்போகும்? கணக்கு இடிக்கிறதே. (திருநெல்வேலி வாசகர்)

இடிக்கத்தான் செய்யும். வருமானம் குறைந்து விழுந்த கழகமாக இருந்தால் இந்தக் கதையில் சொல்ல ஒன்றுமில்லை.

மரேயின் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். 2000இல் டோரே ஆந்த்ரே ஃப்லோ என்ற ஒரே ஆட்டக்காரருக்கு 1 கோடியே 20 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். அத்தனை பெரிய சம்பளங்களுக்கு முறைப்படி வரி கட்டினால் கட்டுப்படியாகாது. 2001 முதல் 2010 வரை அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கழகம் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பும்; அறக்கட்டளை அதை ஆட்டக்காரருக்குக் 'கடனாக' கொடுக்கும்; கடனுக்கு வருமான வரி கிடையாது; அந்தக் கடனை யாரும் திருப்பிக் கேட்கப்போவதும் இல்லை. இந்த வழியில் போன தொகை சுமார் 4 கோடியே 70 லட்சம் பவுண்டு. பிரிட்டனின் வரித்துறை அது சம்பளம்தான் என்று சொல்லி வழக்குத் தொடுத்தது. வழக்கு தோற்றால் என்ன ஆகும் என்ற அச்சத்தில், வாங்க வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே திரும்பிப் போனார்கள்.

இந்த நிலையில் 2011 மே மாதம் கிரெய்க் வைட் என்ற தொழிலதிபர் கழகத்தை 1 பவுண்டுக்கு வாங்கினார். லாயிட்ஸ் வங்கிக்கு இருந்த 1 கோடியே 80 லட்சம் பவுண்டு கடனைத் தாமே தீர்ப்பதாக ஒப்புக்கொண்டார், தீர்க்கவும் செய்தார். ஆனால் எங்கிருந்து வந்த பணத்தில்? டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்துக்கு ரேஞ்சர்ஸின் வரப்போகிற ஆண்டுகளின் சீசன் டிக்கெட்டுகளை விற்று, அதில் கிடைத்த பணத்தில். இதை மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ரசிகன் இன்னும் சம்பாதிக்காத பணத்தை, அவன் இன்னும் வாங்காத டிக்கெட்டின் பேரில் முன்கூட்டியே எடுத்து, அவனுடைய கழகத்தையே வாங்கியிருக்கிறார்கள். அறுவடைக்கு முன்பே மூன்று போக நெல்லை விற்று, அந்தக் காசில் நிலத்தையே கிரயம் செய்துகொண்டது போல.

டிக்கெட் வருமானம் முன்பே போய்விட்டதால் அன்றாடச் செலவுக்குக் கையில் காசில்லை. ஆட்டக்காரர் சம்பளத்தில் பிடித்த வரியையும் டிக்கெட்டில் வசூலித்த வரியையும் அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொண்டார்கள். பழைய பெரிய வழக்கைக் கணக்கில் சேர்க்காமலே, வைட் வந்த 9 மாதங்களில் மட்டும் இந்தப் பாக்கி சுமார் 90 லட்சம் பவுண்டு ஆனது. கழகத்தைக் கடைசியில் கீழே தள்ளியது இந்தச் சின்னப் பாக்கிதான். பெரிய வழக்கில் 2012 நவம்பரில் வந்த முதல் தீர்ப்பு பெரும்பாலும் மரே தரப்புக்கே சாதகமாக அமைந்தது. அதற்குள் பழைய கம்பெனி கலைப்பில் இருந்தது! 2017 ஜூலையில்தான் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், அது சம்பளமே, வரி உண்டு என்று முடித்துவைத்தது.

வைட்டைப் பற்றி நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மோசடி செய்து கழகத்தை வாங்கினார் என்று தொடரப்பட்ட வழக்கில் 2017இல் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அதற்கு முன்பே, 2014இல், 15 ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்கக்கூடாது என்று நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்திருந்தது. இரண்டும் உண்மை.

வரித்துறை சமரசத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் கொஞ்சமாவது பணம் கிடைத்திருக்குமே, ஏன் மறுத்தார்கள்? (ஈரோடு வாசகர்)

மூழ்கிய கம்பெனியைக் கலைத்தால்தான் முந்தைய நிர்வாகிகள் என்ன செய்தார்கள் என்று தோண்டிப் பார்க்க முடியும், அவர்கள் மீது உரிமை கோர முடியும் என்பது வரித்துறை அப்போது சொன்ன காரணம். கடனில் கால்பங்குக்கு மேல் வைத்திருந்ததால், வரித்துறையின் 'முடியாது' ஒன்றே போதுமானதாக இருந்தது. 2012 ஜூனில் சமரசம் முறிந்தது. சார்லஸ் கிரீன் தலைமையிலான குழு ஐப்ராக்ஸ் மைதானத்தையும் பயிற்சி மையத்தையும் மற்ற சொத்துகளையும் 55 லட்சம் பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. முன்பு ஃப்லோ என்ற ஒரே ஆட்டக்காரருக்குக் கொடுத்த விலையில் பாதிகூட இல்லை அது.

மற்ற கழகங்கள் ஒன்றுசேர்ந்து ரேஞ்சர்ஸை நான்காம் பிரிவுக்குத் தள்ளியது பொறாமையால்தானே? (சென்னை வாசகர் இருவர், ஏறக்குறைய ஒரே வாசகங்களில்)

இல்லை என்றே நினைக்கிறேன். பணத்தைப் பார்த்தால் மற்ற கழகங்கள் ரேஞ்சர்ஸை மேல்பிரிவிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டும். தொலைக்காட்சி ஒப்பந்தமே செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் ஆண்டுக்கு 4 முறை மோதுவதை நம்பி எழுதப்பட்டது; ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் வெளியூர் மைதானங்களுக்கும் கூட்டமாகப் போய்க் காசு கொட்டுபவர்கள். ரேஞ்சர்ஸ் கீழே போனால் ஸ்காட்லாந்துக் கால்பந்து மெல்ல மெல்லச் செத்துவிடும் என்று கால்பந்துச் சங்கத்தின் தலைமை நிர்வாகியே எச்சரித்தார். கழக முதலாளிகள் தயங்கியதும் உண்மை.

அவர்களைத் திருப்பியவர்கள் ரசிகர்கள். அபெர்டீன், டண்டீ யுனைடெட், ஹார்ட்ஸ், ஹிபர்னியன் என்று கழகம் கழகமாக ரசிகர்கள் தங்கள் நிர்வாகங்களுக்கு எழுதினார்கள். புதிய கம்பெனியை நேராக மேல்பிரிவில் விட்டால் எங்களுக்குச் சீசன் டிக்கெட் வேண்டாம் என்பதே அவர்கள் சொன்னதன் சுருக்கம். 2012 ஜூலை 4 அன்று மேல்பிரிவுக் கழகங்களில் 10 எதிர்த்து வாக்களித்தன; கில்மார்னாக் வாக்களிக்கவில்லை; ரேஞ்சர்ஸின் வாக்கு மட்டும் ஆதரவாக விழுந்தது. ஒன்பது நாள் கழித்துக் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் 30இல் 25, ரேஞ்சர்ஸ் கடைசிப் பிரிவிலிருந்தே தொடங்கட்டும் என்று முடிவு செய்தன. சீசன் டிக்கெட்டை அடகு வைத்ததால் விழுந்த கழகத்தின் தலைவிதியைக் கடைசியில் மற்றவர்களின் சீசன் டிக்கெட்டே தீர்மானித்தது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

முன்னறிவிக்கப்பட்ட அழிவும் வரவில்லை. தொலைக்காட்சிப் பணம் குறைந்தது, சில கழகங்கள் ஆட்களைக் குறைத்தன. ஆனால் 2014இல் செயின்ட் ஜான்ஸ்டன் தன் வரலாற்றில் முதல் முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. மறு ஆண்டு இன்வெர்னஸ். 2016இல், 114 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், ஹிபர்னியன். அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றது ரேஞ்சர்ஸ்தான்.

உண்மையில் நஷ்டப்பட்டவர்கள் யார்? (நாகர்கோவில் வாசகர்)

இத்தனை கடிதங்களில் இந்த ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

நிர்வாகிகள் வெளியிட்ட பட்டியலில் 270க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பெரிய வரி வழக்கும் தோற்றால் மொத்தக் கடன் 13 கோடியே 40 லட்சம் பவுண்டைத் தொடலாம் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பட்டியலில் வரித்துறையும் டிக்கெட்டஸும் மேலே இருந்தன. கீழே இறங்கிப் பார்த்தால் ஆம்புலன்ஸ் சேவை, பத்திரிகை போடும் கடை, ஆட்டத்துக்கு வரும் குழந்தைகளின் முகத்தில் வண்ணம் தீட்டிக் கூலி வாங்கும் ஒருவர். அவருக்குச் சேர வேண்டியது சில பத்து பவுண்டுகள்தான்.

புதிய கம்பெனிக்குச் சங்க உறுப்பினர் உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது, மற்ற கழகங்களுக்குச் சேர வேண்டிய கால்பந்துக் கடன்களைக் கட்டியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஆகவே ஆட்டக்காரரை விற்ற கழகத்துக்குக் காசு கிடைத்தது. வண்ணம் தீட்டியவருக்கு அப்படி யாரும் நிபந்தனை போடவில்லை. பகை, வெறி, பாட்டு என்று எத்தனை இருந்தாலும் கால்பந்துக் குடும்பம் தன் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டது; குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்கள் ஏமாந்தார்கள். செல்டிக் ரசிகர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டது எனக்கு உறுத்தவில்லை. இது உறுத்துகிறது.

ஆட்டக்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். நிர்வாகி வந்த பிறகு, ஊழியர்களை வெளியே அனுப்பாமல் இருக்க, மூத்த ஆட்டக்காரர்கள் 75 சதவீதம்வரை சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். பிறகு பலர் புதிய கம்பெனிக்கு மாற மறுத்து விலகினார்கள். லீ மக்கலக், லீ வாலஸ் போலச் சிலர் கூடவே இருந்து சின்ன ஊர் மைதானங்களில் ஆடினார்கள். ரசிகர்கள் அதைவிட ஒருபடி மேலே போனார்கள். 2012 ஆகஸ்ட் 18 அன்று நான்காம் பிரிவில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷையர் என்ற சின்ன அணியோடு நடந்த ஆட்டத்துக்கு ஐப்ராக்ஸில் 49,118 பேர் வந்தார்கள். இதைப் பார்த்துச் சிரித்த செல்டிக் ரசிகர் ஒருவரையும் நான் அறியேன், முணுமுணுத்திருக்கலாம்.

எதிரணி ரசிகர்கள் உதவிய கதை எங்காவது உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

உண்டு, அதே ஸ்காட்லாந்தில், எடின்பரோவில். 1990இல் ஹார்ட்ஸ் கழகத்தின் தலைவர் வாலஸ் மெர்சர், கடனில் தவித்த ஹிபர்னியனை வாங்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடத் திட்டமிட்டார். பங்காளி நிலத்தைக் கிரயம் செய்து வரப்பை உழுதுவிடுகிற யோசனை. ஹிபர்னியன் ரசிகர்கள் திரண்டு எழுந்தார்கள். அவர்களுடைய கூட்டத்தில் ஹார்ட்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜான் ராபர்ட்சனும் வந்து நின்றார். ஒரே ஊர் அணிகள் மோதும் டெர்பி ஆட்டங்களில் ஹிபர்னியன் வலைக்குள் கோல் மேல் கோல் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்! எதிரணி இல்லாவிட்டால் தமக்கு வேலையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மெர்சர் பின்வாங்கினார்.

2013இல் ஹார்ட்ஸின் முறை வந்தது. லிதுவேனிய உரிமையாளரின் வங்கி விழ, கழகமும் நிர்வாகியிடம் போனது. 15 புள்ளிகள் போய், 2014இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஹிபர்னியன் ரசிகர்கள் சிரித்து முடிப்பதற்குள், அதே மே மாதத்தில், ஹாமில்டனிடம் பெனால்டியில் தோற்று அவர்கள் கழகமும் இறங்கிவிட்டது. ஹார்ட்ஸ் ஒரே ஆண்டில் மேலே ஏறியது. ஹிபர்னியனுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஹார்ட்ஸின் பெரும்பான்மைப் பங்குகள் 2021 முதல் மாதாமாதம் சந்தா கட்டிய ரசிகர்களின் அமைப்பிடமே இருக்கின்றன.

இப்போது ஆடுவது பழைய ரேஞ்சர்ஸா, புதிய கழகமா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லவும். (புதுச்சேரி வாசகர்)

முடியாது. பழைய கம்பெனி பெயர் மாற்றப்பட்டுக் கலைப்புக்குப் போனது. புதிய கம்பெனி 2012இல் பிறந்தது. ஆனால் லீக் நியமித்த விசாரணைக் குழு 2013இல், கம்பெனி வேறு, கழகம் வேறு, கழகம் தொடர்கிறது என்ற நிலையை எடுத்தது. என் சொந்தக் கருத்து கேட்டால், வழிபடுபவர்கள் மாறாதவரை கோயில் அதுவேதான், அறங்காவலர் குழு மாறலாம். இதைச் செல்டிக் ரசிகர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அறங்காவலர் குழு மாறியதும் உண்டியல் பாக்கி எப்படி மறைந்தது என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2015 பிப்ரவரியில் இரு அணிகளும் முதல் முறையாக மறுபடி மோதுவதற்கு ஒரு வாரம் முன்பு, செல்டிக் ரசிகர்கள் பணம் திரட்டி ஒரு ஞாயிறு நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். இது இந்த இரு கழகங்களும் சந்திக்கும் முதல் ஆட்டம் என்பது அதன் செய்தி. செல்டிக் 2–0 என்று வென்றது. ரேஞ்சர்ஸ் 2016இல் மேல்பிரிவுக்கு வந்தது, 2021இல் சாம்பியனாகித் தன் 55ஆவது பட்டம் என்று அறிவித்தது. செல்டிக் 2025 ஏப்ரலில் தன் 55ஆவது பட்டத்தை வென்றது. ஆகவே அந்த நாளில் ஐப்ராக்ஸ் பக்கத்துக் கணக்கின்படி இரண்டும் சமம். செல்டிக் பக்கத்துக் கணக்கின்படி 55க்கு 1.